எட்டு செல் வெள்ளிக்கிழமைகள்

பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடித்துக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை, அதனால் அந்தப் பாடத்துக்கு அவசியமே வரவில்லை. ஆகவே கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒரு எருமைக் கரு தன் ஏழாவது நாளில் எப்படி இருக்கும் என்பதைத் திருப்பதியில் என் கையால் வளர்த்து என் கண்ணால் பார்த்தவள் நான். அந்தக் கட்டிடத்தில் எனக்கு முன்னால் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இப்போது நான் இருப்பது ஒரு குளிர் தேசத்தில். எலிக் கருக்களோடு வேலை. தாய் தின்றதும் தகப்பன் பட்டினி கிடந்ததும் பிள்ளையின் மரபணுவின் மேல் ஏதாவது குறிப்பு எழுதி வைக்கிறதா, வைத்தால் அது எத்தனை தலைமுறை அழியாமல் இருக்கும் என்று பார்ப்பது என் தொழில். பெரிய மாநாடுகளில் பேசியிருக்கிறேன். ஆங்கிலத்தில் சண்டை போடவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் பெருமை என்று யோசித்தால் எனக்கு அந்த மாநாடுகள் எதுவும் ஞாபகம் வருவதில்லை. திருப்பதியில் கழிந்த ஒரு குளிர்காலமும் அதன் கடைசியில் வந்த மார்ச் மாதமும்தான் வருகிறது.

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற பாதையில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நைனா, என் அப்பா, கூலிக்காரர். மாந்தோப்பில் காய் இறக்குவார், கரும்பு வெட்டுவார், அந்த வேலை இல்லாத நாட்களில் சந்தைக்கு மாடு ஓட்டிப் போவார். எங்கள் பக்கத்தில் பிறப்பைப் பற்றி எல்லோருக்கும் திடமான கருத்து உண்டு. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத்தான் டீக்கடையில் எந்த டம்ளர் என்று முடிவு செய்வார்கள். அதனாலோ என்னவோ, பிறப்பு என்பது எங்கே, எப்படி ஆரம்பிக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு வெறி பிடித்துவிட்டது.

எல்லோரும் கம்ப்யூட்டர் படிக்க ஹைதராபாத்துக்கு ஓடிய காலம் அது. முக்குக்கு முக்கு எஸ்.டி.டி. பூத் முளைத்திருந்தது. என்னோடு டிகிரி படித்தவர்களில் பாதிப்பேர் அமீர்பேட்டையில் ஏதோ ஒரு கோர்ஸில் சேர்ந்துவிட, மீதிப்பேர் சேரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எருமைக் கரு வளர்க்கச் சேர்ந்தேன். "ஊரே அமெரிக்கா போய்க்கினு கீது, நீ எருமை வயித்துல இன்னாடி தேடிக்கினு கீற?" என்று என் அத்தை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வேலை இப்படி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சித்தூர் கசாப்புக் கூடத்துக்குப் போவேன். பால் வற்றிப்போன கிழட்டு எருமைகள் அங்கே வரும். கசாப்புக்கார பாயை நைனாவுக்கு மாட்டுச் சந்தையில் பழக்கம். முதல் நாள் நைனாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய், "நம்ம பொண்ணு. இன்னாத்துக்குனு எனக்கே தெரியாது. அது கேக்கறத குடுத்துடு பாய்" என்று சொல்லிவிட்டு வந்தார். பாய் சினைப்பைகளை வெட்டி எடுத்துக் கொடுப்பார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கில் அவற்றைப் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ்ஸைப் பிடிப்பேன். தண்ணீர் ஆறினால் போச்சு. மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பஸ் முழுக்க மலைக்குப் போகிற ஜனங்கள். ஒருமுறை வேண்டுதலுக்கு முடி வளர்த்திருந்த ஒரு பெரியவர், தனக்கும் கொஞ்சம் காப்பி கிடைக்குமா என்று தெலுங்கில் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். ஆட்டினால் சத்தம் வருகிறதே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயிலுக்குப் போகிறவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காத பாவி என்று அவர் என்னை நினைத்திருப்பார். உள்ளே இருந்தது என்னவென்று சொல்லியிருந்தால் அந்தப் பஸ்ஸே நின்றிருக்கும்.

அன்று மதியம் சினைப்பைகளிலிருந்து ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பேன். திங்கட்கிழமை அவற்றோடு விந்தணுவைச் சேர்ப்பேன். புதன்கிழமை முட்டை இரண்டாகவும் நான்காகவும் பிரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை எட்டு செல். அங்கேதான் நின்றுவிடும்.

வாரா வாரம் நின்றுவிடும். எட்டுக்கு மேல் ஒன்றுகூடப் போகாது. சனிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும்.

எட்டு செல் கட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. அதுவரைக்கும் கரு சொந்தமாக ஒன்றும் செய்வதில்லை. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய கட்டுச்சோற்றைத்தான் பிரித்துத் தின்றுகொண்டிருக்கும். எருமைக்கு எட்டு செல் வாக்கில் கட்டுச்சோறு தீர்ந்துபோகும். அப்போது கரு தன்னுடைய மரபணுக்களைத் தானே திறந்து தன் சோற்றைத் தானே பொங்க வேண்டும். அதே நாட்களில் இன்னொரு காரியமும் நடக்கிறது. தாயும் தகப்பனும் அந்த மரபணுக்களின் மேல் ஒட்டி அனுப்பிய குறிப்புகள், இதைத் திற, இதைப் பூட்டு என்கிற அடையாளங்கள், பெரும்பாலும் துடைக்கப்படுகின்றன. சில மட்டும் துடைபடாமல் தங்கிவிடுகின்றன. தங்குவது எது, ஏன் என்பதை வைத்துத்தான் பின்னாளில் நான் பிழைக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உலகத்திலேயே வலுவில்லாத, சின்ன உபத்திரவத்தைக்கூடத் தாங்காத ஒரு ஜீவன் இருக்குமானால், அது வெள்ளிக்கிழமை எருமைக் கருதான்.

என் தலைக்கு மேல் ஒரு கெடு தொங்கிக்கொண்டிருந்தது. கருக்களைச் சூடாக வைக்கிற இன்குபேட்டர் பெட்டி ஒரு திட்டத்தின் பேரில் வந்தது. மார்ச் மாதத்தோடு திட்டம் முடிகிறது, பெட்டி ஹைதராபாத்துக்குத் திரும்பிவிடும். அதற்குள் ஏழாவது நாள் வரை வளர்ந்த கரு ஒன்றையாவது என் கையால் உண்டாக்கி, படமும் விவரமும் அனுப்பினால் வெளிநாட்டில் ஒரு ஆய்வகம் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. கடிதம் வந்திருந்தது. இல்லையென்றால் பெட்டியோடு சேர்ந்து என் ஆராய்ச்சியும் மூட்டை கட்டப்படும். நான் ஊருக்குத் திரும்பி அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அத்தைக்குப் பதில் சொல்வதை நினைத்தாலே எனக்கு உடம்பு எரியும்.

இப்போது சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர். நெற்றியில் திருமண், கீழே காக்கிச் சட்டை. அவர் அண்ணன் தம்பி, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் தலைமுறையாக மலைமேல் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர்கள். இவர் ஒருவர்தான் சர்க்கார் வேலைக்கு வந்தவர். பேராசிரியரிலிருந்து காவலாளி வரைக்கும் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண் மாணவர்களை அவர் சார் என்பார், பெண்களை மேடம் என்பார். என்னை மட்டும் எப்படியும் கூப்பிடாமல் வாக்கியத்தை முடிக்கிற வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. "ஜாடி அலம்பியாச்சு" என்பார் சுவரைப் பார்த்து. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் கழுவிய கண்ணாடியில் ஒரு கறை இருக்காது.

வெள்ளிக்கிழமை தோறும் அவர் இன்குபேட்டருக்குப் பூஜை செய்வார். எங்கள் ஊரில் லாரிக்குச் செய்கிறோம், தறிக்குச் செய்கிறோம், புதிதாக வந்த கம்ப்யூட்டருக்குக்கூடப் பொட்டு வைத்தோம். உயிர் வளர்க்கிற பெட்டிக்குச் செய்ய மாட்டோமா? ஏ.சி. போட்டு மூடிய சின்ன அறை. பெட்டியின் தலையில் ஒரு பெருமாள் படம். சந்தனம், குங்குமம், ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை, கடைசியில் தட்டில் கற்பூரம். அறை மணந்து கிடக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். தட்டை அவர் என் முன்னால் நீட்ட மாட்டார். ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார், நான் போய்க் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

பழியை அவர் தலையில் போட எனக்கு ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கருக்கள் சாகச் சாக, பூஜையை வளர்த்தது நான். ஐப்பசி வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை, மனசு தாங்காமல், "சாமி, இந்த வாரம் ரெண்டு கட்டி சேத்து ஏத்துங்க" என்று நானே கேட்டேன். முதல் முறையாக அவர் என்னைப் பார்த்தார். "ஏத்திடலாம், ஏத்திடலாம். பெருமாள் பாத்துப்பர்" என்றார். அடுத்த வாரம் சாம்பிராணியையும் கூட்டினோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்னால் ஒரே ஒரு வாரம் கருக்கள் பிழைத்திருந்தன. பிரம்மோற்சவத்துக்காகச் சாமி லீவு போட்டுவிட்டு மலைக்குப் போயிருந்த வாரம். இரண்டு கருக்கள் எட்டைத் தாண்டிப் பதினாறுக்கு மேல் போய் உருண்டு திரண்டு நின்றன. ஏழாம் நாள் வரை வரவில்லை, ஆனாலும் எட்டைத் தாண்டின. அவர் லட்டோடு திரும்பி வந்தபோது ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கருட சேவையன்னிக்கு இதுகளுக்காக வேண்டிண்டேன்" என்றார். பேராசிரியருக்கும் மகிழ்ச்சி. இனி வெள்ளிக்கிழமை பூஜையை விமரிசையாகச் செய்வது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். பேராசிரியர், நான், இன்னொரு மாணவர் என்று அறிவியலில் பட்டம் வாங்கிய மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம்.

மாசி மாதம் பாதி தாண்டிய சமயம், சாமியின் தாயாதி ஒருவர் காலமானார். பத்து நாள் தீட்டு. லீவெல்லாம் பிரம்மோற்சவத்திலேயே தீர்ந்துபோயிருந்ததால் வேலைக்கு வந்தார். ஆனால் படத்தின் பக்கம் போகவில்லை. "எனக்குத் தீட்டு. வெள்ளிக்கிழமை பூஜை கிடையாது. இந்த வாரம் புதுசா ஒண்ணும் ஆரம்பிக்காம இருந்தா தேவலை" என்றார் சுவரிடம். எனக்கு நாள் இல்லை. மார்ச் முடிய இன்னும் எத்தனை ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். உருப்படாது என்று தெரிந்தே ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை மூடியைத் திறந்து தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கருக்கள் கறுக்கவில்லை. பதினாறு, அதற்கு மேல், எண்ண முடியாத அளவுக்கு. ஒன்றல்ல, ஐந்து.

அன்று நான் ஒருவரிடமும் ஓடிச் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். நல்ல வாரம் இரண்டு. முதல் நல்ல வாரம் சாமி இல்லை. இரண்டாவது நல்ல வாரம் சாமி இருந்தார், கண்ணாடி கழுவினார், கதவைத் திறந்தார், எல்லாம் செய்தார். இரண்டு வாரத்திலும் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கையில் பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கரு மூச்சுவிடுவது அந்த அறைக் காற்றை. பெட்டி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. கருக்களின் மேல் ஊற்றி மூடியிருக்கிற எண்ணெய் எந்தப் புகையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஞாயிறு எடுத்த முட்டை வெள்ளிக்கிழமை எட்டு செல்லுக்கு வரும். தாயின் கட்டுச்சோறு தீருகிற அதே நாளில், நாங்கள் எல்லோரும் பக்தியோடு கூடி நின்று அவற்றின் மூக்கில் புகை போட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் எதிலும் தலையிடுகிறவர் அல்லர். "பர்வாலேதம்மா, பர்வாலேது" என்றார், பரவாயில்லை என்று. பிறகு, "சாமியிடம் நீயே மெதுவாகச் சொல்லிப் பார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

நானே சொல்வதாம். எந்த ஊர், எந்தத் தெருப் பெண் நான் என்பது அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெருமாளுக்குச் செய்கிற பூஜையை நான் போய் நிறுத்தச் சொல்ல வேண்டும். நான்கு நாள் எனக்கு வாய் வரவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரம். படித்து இவ்வளவு தூரம் வந்தவள், ஒரு கற்பூரக் கட்டியை எடுக்கச் சொல்லப் பயப்படுகிறேனே என்று.

கடைசியில் சொல்வதைவிடக் காட்டுவது என்று முடிவு செய்தேன். தீட்டு கழிந்து அவர் மறுபடி பூஜை செய்த வாரம், வியாழக்கிழமையே பாதிக் கருக்களைப் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த ஒரு பழைய இன்குபேட்டருக்கு மாற்றினேன். மீதிப் பாதி எங்கள் அறையிலேயே இருந்தன. அந்தப் பாதியைப் பலிகொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். சனிக்கிழமை இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாமியைக் கூப்பிட்டேன்.

"சாமி, வந்து பாருங்க."

"நானா? நான் எதுக்கு?"

அந்த அறைச் சாவி இத்தனை வருஷமாக அவர் இடுப்பில் இருக்கிறது. ஒருநாளும் யாரும் அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னதில்லை. தயங்கித் தயங்கிக் குனிந்தார். முதல் தட்டை வைத்தேன்.

"கருகின மிளகு மாதிரி இருக்கு."

இரண்டாவது தட்டை வைத்தேன். "மாதுளை முத்து" என்றார் மெதுவாக.

"ரெண்டும் ஒரே நாள் எடுத்ததுதான் சாமி. முதல்ல பாத்தது இந்த ரூம்ல இருந்தது. இது பக்கத்து பில்டிங்ல இருந்தது."

"அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல சாமி. அங்க கற்பூரம் இல்ல, சாம்பிராணி இல்ல."

அவர் நிமிர்ந்தார். இந்த நேரத்துக்காக நான் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ரொம்பக் கூர்மையான வாக்கியம், நாலு நாளாகச் சாணை பிடித்தது. அவர் மறுபடியும் குனிந்து கருகின தட்டைத் தேடுவதைப் பார்த்ததும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அப்ப, இத்தனை வாரமா நான் ஏத்தினதுதானா?"

"ரெண்டு கட்டி சேத்து ஏத்தச் சொன்னது நான் சாமி."

"எத்தனை போயிருக்கும்?"

நோட்டில் கணக்கு இருந்தது. நான் அதை மூடி வைத்தேன். அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று திரும்பி வரவில்லை. புகார் பண்ணப் போயிருக்கிறார், இனி என் கதை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போய் வந்தேன்.

பிளாஸ்க்கோடு அறைக்குள் நுழைந்தபோது அறை வேறு மாதிரி இருந்தது. ஞாயிறு விடுமுறையிலும் சாமி வந்திருக்கிறார். படம் இல்லை. ஊதுவத்தி ஸ்டாண்டு இல்லை. சுவரில் பல வருஷத்துப் புகைக்கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தார். ஏ.சி.யின் வடிகட்டித் துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் உலர்த்தியிருந்தார். பிழைத்த கருக்களும் ஏழாம் நாள் வரை வராமல் நின்றது இந்தப் பழைய புகையால்தான் இருக்க வேண்டும். படம் புங்கமரத்தடியில் ஒரு செங்கல் மேடையில் இருந்தது. "பெருமாள் எங்க வேணா இருப்பர். இதுகளுக்கு இந்தப் பெட்டிதான் இடம். நீங்க வேலையைப் பாருங்கோ மேடம்" என்றார். மேடம் என்ற சொல்லைக் கேட்டதும் பிளாஸ்க்கைக் கீழே போட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் பண்ணிய அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்ப்பார். தலையில் பூ வைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் மல்லிகை வைத்துக்கொண்டு வந்த அன்று, "மேடம், பூ வெளியில" என்று என்னையே நிறுத்தினார். திட்டத்தைப் பார்வையிட ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். அவரை வராந்தாவிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். பேராசிரியர் பதறிப்போய் ஓடிவந்து, பர்வாலேது பர்வாலேது என்றார். சாமி அசையவில்லை. அதிகாரி வராந்தாவில் மோர் குடித்துவிட்டு, ஆய்வகம் சிறப்பாக நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் முடிய எனக்கு ஒரு முழு முயற்சிக்குத்தான் நாள் மிச்சம் இருந்தது. ஞாயிறு எடுத்தேன், திங்கள் சேர்த்தேன். வெள்ளி வந்தது, எட்டு வந்தது. சனி, எட்டு தாண்டியது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். தட்டை வைத்துக் குனிந்தேன். உருண்டையாக, உள்ளே நீர் கட்டி, ஒரு ஓரத்தில் கொத்தாக செல்கள் ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் பளபளவென்று ஏழாம் நாள் கரு. புத்தகத்தில் படமாகப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னும் ஒன்று. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தினீர்கள் என்று சாமி சொன்னார். அவர்தான் அடுத்துப் பார்த்தார். பேராசிரியர் தன் சொந்தக் கேமராவைக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பில் பொருத்தி அவரே படம் எடுத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து முதல் தடவையாகப் பர்வாலேதுவுக்குப் பதில் வேறு ஒரு சொல் வந்தது. "சாதிஞ்சேவம்மா" என்றார், சாதித்துவிட்டாய் என்று.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி எங்கள் ஊர் மளிகைக் கடை நம்பருக்குப் போன் போட்டேன். "நைனாவை நாளைக்கு வரச் சொல்லுங்க, ஒண்ணும் பயமில்ல" என்று மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கிற வெளிநாடு எனக்கும் கிடைத்துவிட்டது என்று அத்தையிடமும் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அவளுக்கு நேரிலேயே சொல்லலாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் படியேறி வருவது தெரிந்தது. சாமி எழுந்தார். கையைக் குறுக்கே நீட்டினார்.

நைனா பின்வாங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் என்று முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது, கால் தானாக இரண்டு படி கீழே இறங்கியது. என்னிடம் மாநாடுகளில் கேட்கிறார்கள், உங்கள் முன்னோர் பட்ட பசி உங்கள் மரபணுவில் எழுதியிருக்குமா என்று. எலியில் சிலது தெரியும், மனுஷரில் இன்னும் நிச்சயமாகத் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்பேன். ஆனால் அந்த இரண்டு படி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதியவர்கள் வெளியில்தான் இருந்தார்கள். நாற்காலி சாயும்படி எழுந்து கதவைத் திறந்தேன்.

"சாமி, அவர் என் நைனா."

"தெரியறது மேடம். முகஜாடையே சொல்றதே." அவர் கை இறங்கவில்லை. "பீடி நாத்தம் அடிக்கறது. பஸ்ஸ்டாண்டுல இழுத்துட்டு வந்திருக்கார். சென்ட் போட்டவரையே நான் விடலை, இவரை எப்படி விடுவேன்?"

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நா இங்கயே நிக்கிறேன் சாமி, பரவால்ல" என்றார் கீழே நின்றுகொண்டு.

"நின்னா எப்படி? பொண்ணு சாதிச்சிருக்கு, பாக்க வேண்டாமா?"

சாமி ஸ்டூலுக்கு அடியிலிருந்து தன் பையை எடுத்தார். அதில் அவர் மாற்றிக்கொள்ள வைத்திருந்த மயில்கண் வேஷ்டி, துவைத்து மடித்தது. ஒரு சோப்பும் இருந்தது. இரண்டு படி இறங்கிப்போய் இரண்டையும் நைனாவின் கையில் வைத்தார். தரையில் வைக்கவில்லை, ஸ்டூலில் வைக்கவில்லை, கையில் வைத்தார். "பின்னாடி பைப் இருக்கு. தலையோட குளிச்சுட்டு, வாயை நன்னாக் கொப்புளிச்சுட்டு, இதைக் கட்டிண்டு வாரும்" என்றார். நைனா என்னைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளலாமா என்று. "போய்க் குளிச்சிட்டு வா நைனா" என்றேன்.

தலை சொட்டச் சொட்ட, மயில்கண் வேஷ்டியில் நைனா வந்தார். சாமி முன்னால் குனிந்து, மோந்து பார்த்து, வழிவிட்டார். மைக்ராஸ்கோப்பின் முன்னால் இருந்த நீளமான பெஞ்சில் நைனாவை உட்கார வைத்தேன். முதலில் தப்பான கண்ணை மூடினார். பிறகு பிடிபட்டது.

"உருண்டையா ஒண்ணு கீது. ஓட்ட ஒடச்சிக்கினு வெளிய வருதே?"

"வருது நைனா. அதான் கரு. ஏழு நாளு, எட்டு நாளு ஆனா இப்பிடித்தான் ஓட்டை விட்டு வரும்."

ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நானும் இப்பிடித்தான் இருந்தனா?"

"ஆமா நைனா. எல்லாரும்தான்."

"எல்லாருமா?" கண்ணை எடுக்காமலே கேட்டார். "சாமி கூடவா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானில்லை. வாசலைப் பார்த்தேன். சாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானுந்தான்" என்றார்.

நைனா கண்ணை எடுத்துத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் தட்டினார்.

"அப்ப இங்க வந்து குந்து சாமி. ஓடு இன்னும் பாதி கீது, சேர்ந்தே பாப்போம்."

சாமி வந்து உட்கார்ந்தார்.